பேரேட்டுக்கு ஒரு புரோகிராமர்

உலகெங்கும் விற்கும் மென்பொருளை எழுதுகிற நெல்லைச் சீமையில், ஒரு சிறு கடையின் கணக்கைக் கணினியில் ஏற்றித்தர ஆள் கிடைப்பது ஏன் இத்தனை அரிதாயிருக்கிறது? தேடுகிறவர் எங்கிருந்து தொடங்குவது?

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் வரையில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தூரம் ஓடுகிற தாமிரபரணியின் இருகரையிலும், கல்லிடைக்குறிச்சியின் அப்பளம், பத்தமடையின் பாய், முக்கூடலின் பீடி, திருநெல்வேலி டவுன் ரதவீதிகளின் ஜவுளியும் நகையும் என்று எண்ணற்ற சிறு தொழில்கள் நடைபெற்று வருகின்றன. இவற்றுள் பலவற்றின் கணக்கு, பாதி நீளநோட்டிலும், கால்வாசி யாரோ ஒருவருடைய கைப்பேசியிலும், மிச்சம் முதலாளியின் ஞாபகத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. வியாபாரம் சிறிதாயிருக்கும் வரையில் இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் தெரிவதில்லை. கிளைக்கடை ஒன்று திறந்த பிறகோ, முதலாளிக்கு வயதேறிப் பிள்ளைகளில் ஒருவர் கல்லாவில் உட்கார வந்த பிறகோதான், யார் எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கு யாரிடம் நிற்கிறது என்னும் விவரங்களெல்லாம் ஓரிடத்தில் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்ற எண்ணம் உதிக்கிறது. 'எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரணும்' என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு ஓர் ஆளைத் தேடப் புறப்படும்போதுதான் சிரமம் ஆரம்பமாகிறது.

கணினி வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2011-ஆம் ஆண்டிலேயே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் திறந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பிற்பாடு அந்தப் பக்கத்திலேயே வந்து குடியேறினார். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிப்பதற்காகப் பல தேசத்து நிறுவனங்கள் பயன்படுத்துகிற ஸோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள் அங்கே உருவானதுதான். 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் அந்தக் கிராமமும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அப்படியிருக்க, டவுனில் ஒரு பாத்திர வாடகைக் கடைக்காரருக்கு மாத்திரம் ஏன் ஆள் அகப்படுவதில்லை?

காரணம் சாதாரணக் கணக்குத்தான். ஒரே மென்பொருளை எழுதி இலட்சம் பேருக்கு விற்கலாமென்றால், எழுதிய செலவு இலட்சம் பங்காகப் பிரிந்துவிடுகிறது. ஒரே ஒரு கடைக்கென்று எழுதுவதானால் முழுச் செலவும் அந்த ஒரு கடையின் தலையில் விழுகிறது. ஆகையால் பெரிய நிறுவனங்கள் இத்தகைய வேலையைத் தொடுவதில்லை. தனியே வேலை செய்யும் கெட்டிக்கார இளைஞருக்கோ, அப்வொர்க் போன்ற இணையச் சந்தைகளின் வழியாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் டாலரில் கூலி தரக் காத்திருக்கிறார்கள். ஆகவே, வண்ணார்பேட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிற அந்த இளைஞரிடம் பாத்திரக்கடை முதலாளி வேலை கேட்டுப் போகும்போது, தமக்குப் போட்டியாக இருப்பவர் அடுத்த தெருக் கடைக்காரர் என்று அவர் நினைத்தால் அது பிசகு. போட்டி கடல் கடந்து இருக்கிறது.

இந்த நிலையிலும் நல்ல ஆளை நியாயமான கூலிக்கு அமர்த்திக்கொள்ள வழியிருக்கிறது. ஆனால், அந்த வழி ஆளைத் தேடுவதிலிருந்து தொடங்குவதில்லை.

கணக்குப்பிள்ளை போன பிறகு

ஒரு கணக்கை ஒரே ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவரையே நம்பியிருப்பது இந்தச் சீமைக்குப் புதிய விஷயமன்று. கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவர், பல ஊர்களில் தகப்பனாருக்குப் பின் மகன் என்ற முறையில், கிராமத்தின் நிலக்கணக்கு முழுவதையும் தம் கையில் வைத்திருந்தார். எந்தப் புலம் யாருடையது, எந்தப் போகத்தில் என்ன பயிர், தீர்வை எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் எழுதினால்தான் உண்டு. 1980 நவம்பர் 14-ஆம் தேதி, எம்.ஜி.ஆர். தலைமையிலிருந்த தமிழ்நாடு அரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலமாக அந்தப் பதவிகளை அடியோடு ரத்துச் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்று, 1982-இல் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. அவர்களுடைய ஸ்தானத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள்.

கணக்கு எழுதுகிறவர்கள் இப்படி ஒட்டுமொத்தமாக மாறியபோதிலும் கணக்கு அழிந்துபோகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணக்குப்பிள்ளை தம் மனம்போன போக்கில் எழுதியவரல்லர்; பயிர் விவரத்துக்கு அடங்கல் என்னும் இரண்டாம் நம்பர் கணக்கு, பட்டாதாரர் வாரியான விவரத்துக்குச் சிட்டா என்னும் பத்தாம் நம்பர் கணக்கு என்று, வருவாய்த் துறை நம்பர் போட்டு நிர்ணயித்திருந்த படிவங்களிலேதான் அவர் எழுதவேண்டியிருந்தது. எந்தக் கட்டத்தில் எது வரவேண்டும் என்பது அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே முடிவான சங்கதி. மேலும், அவர் எழுதிய ஏடு அவருடைய சொத்துமன்று, அது சர்க்காருடையது. இவ்விரண்டு காரணங்களால்தான், முன்பின் அந்த ஊரையே பார்த்திராத ஒருவர் வந்து உட்கார்ந்து அடுத்த வரியிலிருந்து எழுத முடிந்தது.

தரவுத்தளம் என்று இன்று புத்தகத் தமிழிலும், டேட்டாபேஸ் என்று பேச்சிலும் வழங்குகிற பொருளுக்கும் இந்த இரண்டு விதிகளே ஆதாரமானவை. ஆள் வருவதற்கு முன்பே படிவம் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும்; ஆள் போன பிறகும் ஏடு நம்மிடமே இருக்கவேண்டும். சிறு டேட்டாபேஸ் வேலைக்குப் புரோகிராமரைத் தேடி ஏமாந்தவர்களுடைய கதைகளை எடுத்துப் பார்த்தால், இவ்விரண்டில் ஒன்று தவறியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

அண்டாவும் ஜமுக்காளமும்

ஒரு பாத்திர வாடகைக் கடையையே திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்வோம். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாட்களில் அங்கே நிற்க இடமிராது. பத்துக் கிலோ அரிசி வேகும் அண்டா இரண்டு, சாம்பார் வாளி ஆறு, ஜமுக்காளம் நான்கு, நாற்காலி இருநூறு என்று நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி, மேலே வாங்குகிறவர் பெயரும் தெருவும், கீழே அட்வான்ஸ் தொகையும் குறித்து, சாமான் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக எண்ணிக் குறுக்கே கோடு போடுவது வழக்கம். கரண்டி ஒன்று குறைந்தாலோ, அண்டா நசுங்கியிருந்தாலோ, ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு. இந்த நோட்டை மேலோட்டமாகப் பார்க்கிற புரோகிராமர், 'இது ஒரு சின்ன வேலை, ஒரே அட்டவணை போதும்' என்று சொல்லிவிட்டு, நோட்டிலுள்ள கட்டங்களை அப்படியே திரையில் வரைந்து கொடுத்துவிடக்கூடும். மூன்றாம் மாதத்திலேயே அது பயனற்றுப் போகும்.

அதன் காரணத்தை 1970-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிசாலையில் இருந்த எட்கர் காட் என்னும் கணித விற்பன்னர் ஒரு கட்டுரையில் விளக்கிவிட்டார். இன்றைய டேட்டாபேஸ்களில் மிகப் பெரும்பாலானவை அவருடைய சித்தாந்தத்தின்மேலேயே கட்டப்பட்டவை. அதன் சாரத்தை நம் கடைக்குப் பொருத்திச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு விவரம் ஓரிடத்தில் மாத்திரமே எழுதப்படவேண்டும், மற்ற இடங்களில் அதைச் சுட்டிக்காட்டும் அடையாளம் இருந்தால் போதும். வாடிக்கைக்காரர்களுக்கு ஓர் அட்டவணை. சாமான்களுக்கு ஓர் அட்டவணை. இன்ன தேதியில் இன்னார் எடுத்தார் என்பதற்கு ஒன்று. அந்த ஒரு தடவையில் எந்தெந்தச் சாமான் எத்தனை போயிற்று, எத்தனை திரும்பிற்று என்பதற்கு மற்றொன்று. இப்படி நான்காகப் பிரித்துவிட்டால், வாடிக்கைக்காரர் பேட்டையிலிருந்து தச்சநல்லூருக்கு வீடு மாறினாலும் விலாசத்தை ஓரிடத்தில் திருத்தினால் போதும். பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டவேண்டியதில்லை. வருகிற முகூர்த்தத்துக்கு எத்தனை அண்டா கைவசம் இருக்கும் என்று கேட்டால், நோட்டைப் புரட்டாமலே விடை வரும்.

'இன்னார்' என்பதை எப்படி அடையாளம் காண்பது என்பதிலேதான் சூக்ஷ்மம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் நல்ல புரோகிராமருக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் சம்பாஷணை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, இசக்கிமுத்துங்கிற பேர்ல எத்தன பேரு இருக்காவ?"

"அது ஒரு எட்டுப் பத்து பேரு இருப்பாவ."

"பின்ன யாரு எவுகன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"ஆளப் பாத்தா தெரியும்லா தம்பி! நமக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கும்லா."

"நீங்க ஊருக்குப் போயிட்டா கல்லால யாரு இருப்பா?"

"மவன் இருப்பான்."

"அண்ணனுக்கு அந்த மூஞ்சில்லாம் தெரியுமா?"

கடைக்காரர் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லமாட்டார். இத்தனை வருஷமாக நோட்டில் எழுதப்படாமல் தம் தலைக்குள்ளேயே இருந்து வந்த கணக்கு ஒன்று உண்டென்பது அவருக்கு அப்போதுதான் புலப்படும். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் தனித்த எண் ஒன்று வேண்டும் என்பதும், பெயரையோ கைப்பேசி எண்ணையோ மாத்திரம் நம்பக்கூடாது என்பதும், ஒரே வீட்டில் தகப்பனாரும் மகனும் ஒரே எண்ணைக் கொடுக்கக்கூடும் என்பதும் இத்தகைய கேள்விகளிலிருந்தே வெளிப்படுகின்றன. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையும் இதுவே. கணினி மொழிகள் பத்துத் தெரியும் என்று பட்டியல் கொடுக்கிறவரைக் காட்டிலும், நோட்டைக் கையில் வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டி, ஓரத்துப் பென்சில் குறிப்பு எதற்கு என்று கேட்கிறவர் நமக்கு உகந்தவர்.

ஆகவே, ஆளைத் தேடுமுன் கடைக்காரர் செய்யவேண்டிய பூர்வாங்க வேலை ஒன்று உண்டு. நான்கு பக்கம் எழுதவேண்டும். முதல் பக்கத்தில், இப்போது கணக்கு எப்படி நடக்கிறது என்பது. இரண்டாம் பக்கத்தில், தினந்தோறும் கேட்டு விடை பெறவேண்டிய கேள்விகள். மூன்றாம் பக்கத்தில், விதிவிலக்குகள், அதாவது அட்வான்ஸ் இல்லாமல் எடுப்பவர், சாமானைத் திருப்பாமல் அப்படியே அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோகிறவர், உடைத்துவிட்டு விலை கொடுக்கிறவர் போன்றோரின் சங்கதி. நான்காம் பக்கத்தில், யார் யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பது. இவற்றோடு நிரப்பப்பட்ட நோட்டின் சில பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்துவிட்டால், வருகிறவர் யாராயினும் விலை சொல்வதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. எழுத்தில் ஒன்றுமில்லாதபோது அவர் சொல்லும் விலை வெறும் ஊகம். ஊகத்தில் சொன்ன விலை பாதி வேலையில் ஏறாமல் இருந்ததில்லை.

ஆளே வேண்டாத சந்தர்ப்பம்

நான்கு பக்கத்தை எழுதி முடித்த பிறகு, புரோகிராமரே தேவையில்லை என்று தெரிந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. வரவு செலவும் சரக்கிருப்பும் ஜி.எஸ்.டி.யும் மாத்திரமே வேண்டுமென்றால் டாலி முதலான ஆயத்த மென்பொருள்களே போதும். அவற்றை நிறுவித்தரும் முகவர்களும் ஆடிட்டர்களும் திருநெல்வேலியில் தாராளமாக இருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை இழுத்துவைத்துச் சிறு டேட்டாபேஸ் உருவாக்கிக்கொள்வதற்கென்றே 2006-இல் வெளிவந்த ஸோஹோ கிரியேட்டர் போன்ற சாதனங்களும் உண்டு. மாத வாடகை கட்டிவர வேண்டும், நம் விவரங்கள் அந்த நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும் என்னும் இரண்டு நிபந்தனைகளைச் சீர்தூக்கிப் பார்த்து அவற்றை ஏற்கலாம்.

எக்செல் ஒன்றே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவர் மாத்திரம் எழுதி ஒருவர் மாத்திரம் பார்க்கும் கணக்குக்கு அது போதும். ஆனால், அதை அதன் எல்லைக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஒரு பாடம் கற்பித்தது. கொரோனாத் தொற்றுக் கணக்கைத் திரட்டிய அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு, பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதால், கோப்பின் வரிகள் நிரம்பிப்போய், 15,841 நோயாளிகளின் விவரம் கணக்கில் சேராமல் விட்டுப்போயிற்று. நம் பாத்திரக்கடைக்கு அத்தனை வரிகள் வரப்போவதில்லை என்பது மெய்யே. ஆயினும், இரண்டு கிளைகளில் இரண்டு பேர் ஒரே கோப்பின் இரண்டு நகல்களைத் திருத்தி, எது சரியானது என்று தெரியாமல் திண்டாடுகிற நிலைக்கு இலட்சம் வரிகள் வேண்டியதில்லை.

எங்கே தேடுவது

ஆள்தான் வேண்டும் என்று நிச்சயமான பின், இந்தப் பள்ளத்தாக்கில் தேடுவதற்கு மூன்று இடங்கள் உள்ளன.

முதலாவது, கல்லூரிகள். 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி முதலாகப் பாளையங்கோட்டையிலுள்ள கலைக் கல்லூரிகளும், 1981-இல் நிறுவப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியும், அபிஷேகப்பட்டியில் 1990-இல் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், பின்னால் தோன்றிய சுயநிதிக் கல்லூரிகள் பலவும் சேர்ந்து வருஷந்தோறும் கணினித் துறையில் பட்டதாரிகளை வெளியே அனுப்புகின்றன. கடைசி வருஷ மாணவர்கள் ஒவ்வொருவரும் புராஜெக்ட் என்று ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். அவர்களிடம் கூலி குறைவு, உற்சாகம் அதிகம். இடையூறு என்னவென்றால், மாணவருக்கு அந்த வேலை வைவா பரீட்சை முடிந்த அன்றே முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் சேர்ந்துவிடுவார். நமக்கோ, வேலை அப்போதுதான் தொடங்குகிறது. துறைப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, அடுத்த வருஷ மாணவர்கள் அதையே தொடரும்படி ஏற்பாடு செய்வாரானால் மாத்திரம் இந்த வழி உசிதமானது.

இரண்டாவது, ஊர் திரும்பியவர்கள். 2020-இல் பொதுமுடக்கத்தின்போது மடிக்கணினியும் கையுமாக வீடு வந்து சேர்ந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அனுபவத்தில் இவர்களே சிறந்தவர்கள். ஆனால், மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டே வெளிவேலை செய்வதை அவர்களுடைய நிறுவன ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கு இரகசியமாக வேலை பார்த்தார்கள் என்று முந்நூறு பேரை விப்ரோ நிறுவனம் நீக்கியது பெரிய செய்தியாயிற்று. ஆகையால், 'ஆபீஸுக்குத் தெரியவேண்டாம், பில்லும் வேண்டாம்' என்று சொல்கிறவரிடம் கணக்கை ஒப்படைப்பதற்கு முன் சற்று யோசிக்கவேண்டும். அவருக்கு அங்கே தொல்லை வந்தால், இங்கே வேலை பாதியில் நிற்கும். வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாகவே தொழில் நடத்துகிறவரும், பில் போட்டுக் கொடுக்கிறவருமே நமக்குப் பொருத்தம்.

மூன்றாவது, அருகிலுள்ள கம்ப்யூட்டர் கடைகளும் பில்லிங் மென்பொருள் விற்பவர்களும். கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்கள் என்பது இவர்களுடைய விசேஷம். தங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஏதோவொரு மென்பொருளையே சற்றுத் திருத்தி நம் தலையில் கட்டப் பார்ப்பது இவர்களுடைய குறை. மருந்துக்கடைக்கு எழுதியதைப் பாத்திரக்கடைக்கு மாற்றினால், சாமான் வெளியே போனதைத்தான் அது அறியும். திரும்பி வரும் என்பதே அதற்குத் தெரியாது.

எவரைத் தேர்ந்தெடுப்பதாயினும், அவர் முன்பு செய்து கொடுத்த இடம் ஒன்றுக்கு நேரில் போய்ப் பார்ப்பது உத்தமம். அங்கே கேட்கவேண்டிய கேள்வி, 'நன்றாகச் செய்தாரா?' என்பதைவிட, 'ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டபோது வந்தாரா?' என்பதே.

இனிஷியலும் எழுத்துருவும்

தமிழில் விவரம் எழுதவேண்டுமென்றால் இன்னும் சில சங்கதிகளைக் கவனிக்கவேண்டும். வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து வரைந்த படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும்; நமக்குக் குடும்பப்பெயர் ஏது? இனிஷியலை முன்னால் போடுகிறவர், பின்னால் போடுகிறவர், தகப்பனார் பெயரை முழுதாக எழுதுகிறவர், ஊர்ப் பெயரைச் சேர்க்கிறவர் என்று நால்வகைப்பட்டவர்களையும் ஏற்கும்படி, பெயருக்கு ஒரு கட்டமும் இனிஷியலுக்குத் தனிக் கட்டமுமாக அமைக்கவேண்டும்.

பழைய விவரங்கள் ஏற்கெனவே கணினியில் இருந்தால், அவை எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டபோதிலும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இங்கே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் ஏராளம். அவற்றில், கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் மிஞ்சும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாகவேண்டும். அந்த வேலைக்குத் தனிக் கூலியா, மொத்தத்தில் சேர்ந்ததா என்பதை முன்பே பேசிக்கொள்ளவேண்டும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் எண் வரிசையில் ன என்னும் எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் கடைசியில் நிற்பவை. புள்ளி வைத்த க், தமிழ் அகராதியில் க-வுக்கு முன் வரவேண்டியது, எண் வரிசையில் கௌ-வுக்கும் பின்னால் போய்விடுகிறது. ஆகவே, எண் வரிசைப்படியே அடுக்கிக் கொடுக்கும் பட்டியலில், அகராதி முறைக்குப் பழகிய கண் தேடும் இடத்தில் பெயர் இராது. தமிழ் வரிசையில் அடுக்குவதற்கான விதிகள் டேட்டாபேஸ் மென்பொருள்கள் பலவற்றில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை இயக்கிவிடவேண்டும்; இல்லாதவற்றில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இருபது பெயர்களைக் கொடுத்து அகர வரிசையில் அடுக்கிக் காட்டச் சொன்னால், வந்திருப்பவர் தமிழில் இதற்கு முன் வேலை செய்திருக்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இத்துறையைத் தமிழிலேயே கற்க விரும்புகிற இளைஞர்களுக்கு, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' போன்ற நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடித்தளமாக நிற்கும் டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் பணம் கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்து. போஸ்ட்கிரெஸ் என்பதும் கட்டணமில்லாதது. ஒரு கடைக்கு முதலாவதே போதும்; கிளைகளும் பலர் உட்கார்ந்து எழுதுவதும் வந்தால் இரண்டாவது உகந்தது. 'சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு மட்டும் இவ்வளவு ஆகும்' என்று ஒருவர் தொகை சொன்னால், எதற்கான லைசென்ஸ் என்று விளக்கம் கேட்பதில் தவறொன்றுமில்லை.

எழுத்தில் இருக்கவேண்டியவை

படிவத்தைப் பற்றிய விதி இதுவரையில் சொன்னது. ஏடு யாருடையது என்பது இனிச் சொல்லவேண்டியது. இதில்தான் பலரும் அஜாக்கிரதையாக இருந்துவிடுகிறார்கள்.

நம் பணத்தில் எழுதியது நமக்குத்தான் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வகையிலேயே அடங்குகிறது. பாத்திரக்கடைக் கணக்கு எழுதும் நிரலும், சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே இனம்! மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட ஊழியர் தம் உத்தியோகத்தின் பகுதியாக எழுதியதானால் முதல் உரிமை முதலாளிக்குச் சேரும். சுயேச்சையாக வந்து எழுதிக் கொடுத்தவரானால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எழுதியவரே உரிமையாளர். உரிமை நமக்கு மாறவேண்டுமென்றால் அவர் கையெழுத்திட்ட எழுத்துமூலமான ஆவணம் வேண்டும். அதில் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்தப் பிரதேசத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மாத்திரம். ஒரு சிறு கடைக்கு உலக உரிமை வேண்டியதில்லைதான். ஆனால், அந்த நிரலைக் காலவரையறையின்றிப் பயன்படுத்தவும், வேறொருவரைக் கொண்டு திருத்திக்கொள்ளவும் உரிமை உண்டு என்ற வாசகம் அவசியம் இருக்கவேண்டும். அந்த உரிமை இருந்தாலும் சோர்ஸ் கோடு என்னும் மூலநிரல் கையில் இல்லாவிட்டால் திருத்த முடியாதாகையால், அதையும் ஒப்படைக்கவேண்டும் என்று சேர்த்தெழுதவேண்டும்.

கூலியை மூன்று தவணையாகப் பிரிப்பது வழக்கத்தில் சௌகரியமானது. கையெழுத்தானதும் முன்பணம்; ஓடுகிற மாதிரியைக் கடையில் வைத்துக் காட்டியதும் ஒரு பங்கு; ஒப்படைப்பு முடிந்ததும் மிச்சம். ஒப்படைப்பு என்பது என்ன என்பதையும் எழுதிவிடவேண்டும். டேட்டாபேஸின் முழு நகல், மூலநிரல், எல்லா பாஸ்வேர்டுகளும், எந்த அட்டவணையில் எது இருக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய குறிப்பு ஆகிய நான்கும் கைக்கு வரவேண்டும். இணையத்தில் இயங்குவதானால் டொமைனும் சர்வர் வாடகையும் கடைக்காரர் பெயரிலேயே, அவருடைய மின்னஞ்சலிலேயே பதிவாகவேண்டும். 'என் பேர்லயே போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று எத்தனை அன்போடு சொன்னாலும் அதற்கு இணங்கக்கூடாது. பிற்காலத்தில் மனஸ்தாபம் வருமானால் அது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்தே வரும்.

பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்வது மாத்திரம் போதாது. அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில், அதை எழுதிய புரோகிராமர் அல்லாத வேறொருவர், குறிப்பைப் பார்த்துத் திறந்து காட்டவேண்டும். மருமகனோ, பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்ப் பையனோ அதைச் செய்து, நேற்றைய கடைசிச் சீட்டு திரையில் வந்துவிட்டதென்றால் கடைசித் தவணையைக் கொடுக்கலாம். முன்பின் ஊரைப் பார்த்திராத கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைத் திறந்து அடுத்த வரியை எழுதினாரே, அதே பரீட்சைதான் இது.

வாடிக்கைக்காரர்களின் விலாசமும் கைப்பேசி எண்ணும் நம் பொறுப்பில் இருப்பவை என்பதையும் மறத்தலாகாது. தனிநபர் விவரங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2023-இல் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. வேலைக்கு வந்தவருக்குச் சோதனைக்காக நோட்டுப் பக்கங்களைக் கொடுக்கும்போது எண்களை மறைத்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் தம்மிடமுள்ள நகலை அழித்துவிட்டதாக அவரிடம் எழுதி வாங்குவதும் நல்லது.

ஆடியில் தொடங்கினால்

பரஸ்பர நம்பிக்கையினாலேயே நடந்து வந்த நம் ஊர் வியாபாரத்தில் இத்தனை காகிதம் எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். எழுதிக்கொள்வதால் கடைக்காரருக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு நன்மை புரோகிராமருக்கும் உண்டு. 'இதையும் கொஞ்சம் சேத்துருங்க தம்பி' என்று வாரந்தோறும் நீண்டுகொண்டே போகும் வேலையிலிருந்தும், முடித்த பிறகு மாதக்கணக்காக இழுத்தடிக்கப்படும் பாக்கியிலிருந்தும் அவரைக் காப்பாற்றுவது அந்தக் காகிதந்தான். டாலர் தரும் அயல்நாட்டாரை விட்டுவிட்டு உள்ளூர்க் கடைக்காரருக்கு ஒரு கெட்டிக்காரர் வேலை செய்ய இசைவாரானால், கூலியைவிட இந்தத் தெளிவே அவரை இழுக்கும். புராஜெக்டுக்கு விஷயம் கிடைக்காமல் எங்கோ இல்லாத ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கற்பனை செய்து எழுதுகிற கல்லூரி மாணவர்களுக்கும், எழுதி வைத்த நான்கு பக்கங்களோடு வருகிற கடைக்காரர் வரப்பிரசாதமாகவே இருப்பார்.

காலத்தையும் நம் பஞ்சாங்கத்தை அனுசரித்தே வகுத்துக்கொள்ளலாம். கல்யாணமில்லாத ஆடியில் நான்கு பக்கத்தை எழுதி, ஆளைத் தேடி, பழைய வேலையைப் போய்ப் பார்த்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவேண்டும். ஆவணி முகூர்த்தங்களில் கடை நடக்கிற விதத்தைப் புரோகிராமர் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். புரட்டாசியில் அவர் எழுதி முடித்தால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நோட்டிலும் கணினியிலுமாக இரண்டிடத்திலும் எழுதிவரலாம். மார்கழியில் சாமான்கள் எல்லாம் கடைக்குள் அடைந்திருக்கும்போது, கரண்டி முதல் ஜமுக்காளம் வரையில் எண்ணி, இரண்டு கணக்கையும் கைச்சரக்கையும் ஒத்துப் பார்க்கலாம். ஒத்துப்போனால் தை முகூர்த்தத்துக்கு நோட்டு வேண்டியதில்லை. ஒத்துப்போகாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. எந்தச் சீட்டில், எந்தத் தேதியில் பிசகிற்று என்று காட்டுவதற்குப் பழைய நோட்டு கையில் இருக்கிறது, கடைசித் தவணையும் இன்னும் கல்லாவில் இருக்கிறது.